எழுத்தறைக்கும் ஒரு நிய்யத்து



கான்சாபுரத்தில் எங்கள் வீட்டின் வடகிழக்கு மூலையில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை உண்டு. என் தாயார் வபாத்தான அறை அது. இரண்டு ஆண்டுகளாக அதைப் பூட்டியே வைத்திருந்தேன். அவர்களுடைய கட்டில், தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு, சுவரில் தலை சாய்த்துச் சாய்த்துப் படிந்த எண்ணெய்க் கறை எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தன. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் திறந்து, யாசீன் ஓதிவிட்டு மூடிவிடுவேன்.

என் மூத்த மகள் அரபு எழுத்தணிக் கலை பயின்றவள். திருமண வீடுகளுக்கு மணமக்களின் பெயர்களையும், புதுமனை புகுவோருக்கு பிஸ்மில்லாஹ்வையும் எழுதிக் கொடுக்கிறாள். அதில் வரும் சிறு வருமானத்தின் கணக்கையும் அவளே எழுதி வைக்கிறாள். இவை அனைத்தும் அடுக்களை வாசலில், தரையில் அமர்ந்தே நடந்தன. ஒருநாள், மூன்று நாள் உழைத்து முடித்த தாளின் மீது மைக்குப்பி கவிழ்ந்துவிட்டது. அவள் அழவில்லை. அன்றிரவு மெல்லிய குரலில், "அத்தா, அந்த அறையை எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டாள்.

நான் உடனே விடை சொல்லவில்லை. ஒரு மாதம் கடந்த பிறகே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதும், அறை எப்படி அமைய வேண்டும் என்ற திட்டத்தையும் நானே வகுக்கத் தொடங்கினேன். சுவருக்கு அடர்பச்சை, அதன் விளிம்பில் பொன்னிறக் கோடு, சுழல் நாற்காலி, கண்ணாடி அலமாரி, இராஜபாளையத்துக் கடையொன்றில் பார்த்த, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றிய பெரிய மேசை என்று பட்டியல் நீண்டது. அந்த மேசையின் விலை என் இரண்டு மாதச் சம்பளம். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட மகள், "அத்தா, இது நான் எழுதுற அறையா, வர்றவங்க பார்க்கிற அறையா?" என்றாள்.

செயல்கள் அனைத்தும் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்ற நபிமொழியை ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு முதல் பாடமாக நடத்துகிறவன் நான். அந்தப் பாடத்தை அன்று என் பிள்ளை எனக்கு நடத்தினாள். பச்சை வண்ணத்தையும் பளபளக்கும் மேசையையும் நான் தேர்ந்தெடுத்தது அவளுடைய எழுத்துக்காக அன்று. ஊரார் வந்து பார்த்து, "ஹஜ்ரத் வீட்டில் எப்படி ஓர் அறை!" என்று வியக்க வேண்டும் என்பதற்காகவே.

அழகை விரும்புவது குற்றமன்று. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை முஸ்லிம் தொகுப்பில் வாசிக்கிறோம். அதே தொகுப்பில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாசலில் தொங்கவிட்ட திரையை நபியவர்கள் அகற்றி, கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்தும்படி அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்று கூறிய செய்தியும் இருக்கிறது. அன்னையவர்கள் அத்துணியை வீணாக்காமல் இரண்டு தலையணைகளாகத் தைத்துக்கொண்டார்கள். நபியவர்கள் அதைக் குறை கூறவில்லை. பயன்படும் அழகுக்கு மார்க்கத்தில் இடம் உண்டு. சுவருக்கு அணிவிக்கும் பகட்டுக்கு இல்லை என்றே நான் இதிலிருந்து விளங்கிக்கொள்கிறேன்.

பிறகு நாங்கள் இருவரும் அமர்ந்து புதிதாகத் திட்டமிட்டோம். இம்முறை அவள் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன்.

முதலில் வெளிச்சம். வலக்கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடப்புறமிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் எழுதும் இடத்திலேயே விழும். வடக்குச் சாளரத்தில் வெயில் நேராக அதிகம் விழுவதில்லை. நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். ஆகவே மேசையைக் கிழக்கு நோக்கிப் போட்டு, வடக்குச் சாளரம் அவளுக்கு இடப்புறம் அமையுமாறு செய்தோம். கிழக்குச் சாளரத்தில் காலை வெயில் கண்ணைக் கூசச் செய்யும். அதற்குப் பட்டுத்திரை தேவைப்படவில்லை. மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டி நமக்கு அருகில்தானே இருக்கிறது? அங்கிருந்து வாங்கிய மெல்லிய வெள்ளைத் துணியை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டோம். வெயில் பால்போல் உள்ளே வருகிறது.

அடுத்தது வண்ணம். சுவர் பச்சையாக இருந்தால் அந்தப் பச்சையின் சாயல் தாளிலும் படியும். மையின் உண்மையான நிறம் கண்ணுக்குப் பிடிபடாது என்று அவள் விளக்கினாள். எனவே கூரைக்கு வெள்ளையும், சுவர்களுக்கு மங்கலான வெண்மையும் முடிவாயின. நிறங்களின் வேறுபாடு அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் ஒன்று என்று சூரா அர்ரூம் 22ஆம் வசனம் உணர்த்துகிறது. அந்த நிறங்கள் தாளில் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் சுவர் அடக்கமாக இருக்க வேண்டும்.

மேசைக்கு மெருகு வேண்டாம். பளபளப்பில் விளக்கொளி பட்டால் கண் வலிக்கும். ஊர்த் தச்சர் வேப்பம் பலகையில் ஒரு சாய்மேசை செய்து கொடுத்தார். முன்னாளில் துருக்கியின் எழுத்தணிக் கலைஞர்கள் தரையில் அமர்ந்து, வலது முழங்காலை உயர்த்தி, அதன்மேல் தாளை வைத்து எழுதினார்கள் என்று மகள் சொன்னாள். பெருங்கலைக்குப் பெருமேசை தேவையில்லை என்று அப்போது புரிந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் வாங்கி நெளிந்துவிடும். சிவகாசி அச்சகங்களில் மிஞ்சும் நல்ல தாள்களைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சேர்ப்பவள் அவள். அவற்றைப் படுக்கையாக வைக்க ஒரு மரப்பெட்டி செய்தோம். அலமாரியைத் தெற்குச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்தினோம். அதன் மேல்தட்டில் மூடியுள்ள ஒரு பெட்டி உண்டு. இறைநாமமும் வசனங்களும் எழுதிப் பழகிய தாள்கள் துடைப்பத்தில் அகப்படாமல் அதில் சேரும். பின்னர் அவற்றை முறைப்படி சுத்தமான இடத்தில் புதைப்போம்.

கிப்லாவை நோக்கிய மேற்குச் சுவரை வெறுமையாக விட்டோம். திரைச்சீலையின் உருவங்கள் தொழுகையில் தம் கவனத்தில் குறுக்கிடுவதாகக் கூறி, அதை அகற்றச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. வேலை செய்யும் அறையிலேயே அவள் லுஹரும் அஸரும் தொழுகிறாள். ஆகவே எழுதிய சட்டங்கள் தெற்குச் சுவரில் மட்டுமே தொங்கும்.

இடையில் ஒரு சோதனையும் வந்தது. மணமக்களின் முகங்களை வரைந்து தந்தால் இரண்டு மடங்கு பணம் தருவதாக ஒருவர் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்த சம்பவத்தை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். எச்சரிக்கையைக் கேட்டு அம்மனிதர் வெளிறிப்போனபோது, செய்தே ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள் என்று அவருக்கு வழி காட்டினார்கள். ஒரு கதவை மூடும்போதே மற்றொன்றைத் திறந்துவிட்ட அந்தப் பரிவை நாம் பெற்றோர்களாகப் பின்பற்றுகிறோமா? பெயர்களைச் சுற்றி நம் ஊர்த் தென்னந்தோப்பையும் மேற்கு மலைத்தொடரையும் வரைந்து கொடுத்தாள். அவர்கள் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டார்கள். பணம் மட்டும் பழைய அளவுதான்.

இறுதியாக எஞ்சியது கட்டில். அதை அகற்றாமல் மேசைக்கு இடமில்லை. "இருக்கட்டும், ஓரமாகப் போடுவோம்" என்று நான் மூன்று முறை சொன்னேன். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, நான்காவது படுக்கை ஷைத்தானுக்கு என்ற நபிமொழி நினைவுக்கு வந்த பிறகுதான் என் பிடி தளர்ந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், வெறுந்தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு மூதாட்டிக்குத் தாயாரின் பெயரால் ஸதகாவாகக் கொடுத்தோம். கட்டிலைத் தூக்கிச் சென்றவர்களோடு நானும் நடந்தேன். அவர் அதில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்து, என் தாயாருக்காக துஆ செய்தார். பூட்டிய அறையில் இரண்டு ஆண்டுகள் கிடந்த அந்தக் கட்டில், ஒரே மாலையில் என் தாயாருக்கு ஒரு துஆவைப் பெற்றுத் தந்தது.

எண்ணெய்க் கறையின் மீது வெள்ளையடித்தபோது என் கண்கள் கலங்கியது உண்மை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ரமலானுக்கு முன் அதே சுவருக்குத் தம் கையால் சுண்ணாம்பு அடித்தவர்கள் என் தாயார். கறையைக் காப்பாற்றி வைக்க அவர்கள் ஒருபோதும் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த அறை தினமும் திறந்திருக்கிறது. மகளின் நாணல் பேனா தாளில் உரசும் ஓசை கேட்கிறது. அன்புச் சகோதர சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளுக்கு ஓர் அறையோ, ஒரு மூலையோ ஒதுக்கும்போது வண்ண அட்டையைப் புரட்டுமுன் நிய்யத்தைச் சரிபாருங்கள். அங்கே அமர்ந்து உழைக்கப் போகிறவரை முதலில் பேசவிடுங்கள்.

அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளின் கரங்களில் ஹலாலான உழைப்பையும், நம்மை முந்திச் சென்றவர்களின் கப்ருகளில் ஒளியையும் தந்தருள்வானாக. ஆமீன்.