நகராத கப்பலிலிருந்து

சிங்கப்பூர்
17 மே 2020, ஞாயிறு

மாப்ள,

பள்ளிக்கூடக் காலத்தில் கப்பல் ஏற ஆசைப்பட்டோமே, நான் ஏறிவிட்டேன். பெயர் சூப்பர்ஸ்டார் ஜெமினி. சுற்றுலாக்காரர்கள் போகிற உல்லாசக் கப்பல், இப்போது மரினா பே துறையில் கட்டிக் கிடக்கிறது. கொரோனா வந்து தேறிய வெளிநாட்டுத் தொழிலாளர்களை இதில் தங்க வைத்திருக்கிறார்கள். ஆமாம், எனக்கும் வந்தது. அம்மாவிடம் மூச்சு விட்டுவிடாதே.

நம் ஊரில் ஊரடங்கு என்கிறீர்கள், இங்கே ஏப்ரல் 7-லிருந்து அதற்குப் பெயர் ‘சர்க்யூட் பிரேக்கர்’. எலக்ட்ரீஷியனுக்குச் சிரிப்பு வராதா? டிரிப் ஆனால் போய்த் தூக்கிவிடுவது என் வேலை. இந்தத் தடவை தூக்குகிறவர் வேறு யாரோ. எங்கள் டார்மிட்டரி கேட்டை அதற்கு முன்பே பூட்டிவிட்டார்கள். அறைக்குப் பன்னிரண்டு பேர், இரட்டைக் கட்டில். தள்ளித் தள்ளி நில்லுங்கள் என்று மைக்கில் சொல்வார்கள், மேல் கட்டில்காரன் கால் என் மூக்குக்கு நேரே தொங்கும். வந்த சோற்றுப் பொட்டலத்தில் குழம்பு இனிக்கும். ஊறுகாய் வைத்துத்தான் இறக்கினேன். ஒரு நாள் அந்த ஊறுகாய் வாசனையும் தெரியவில்லை. பாட்டிலுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்தார்கள், நோயாளிகளைத் தங்க வைத்த எக்ஸ்போ மண்டபத்துக்குக் கூட்டிப்போக பஸ் வந்தது. நாலு வருசத்தில் லாரியின் பின்தட்டில் குந்த வைக்காமல் சீட்டில் உட்கார வைத்து என்னைக் கூட்டிப்போனது அன்றைக்குத்தான், மாப்ள.

ஏப்ரல் 20-ம் தேதி ஒரே நாளில் 1,426 பேருக்கு உறுதியானது, பெரும்பாலும் எங்கள் ஆட்கள். தினம் வரும் கணக்கில் சமூகத்தில் இத்தனை, டார்மிட்டரியில் இத்தனை என்று பிரித்துச் சொல்வார்கள். நோயைத் தடம்பிடிக்க அது தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பந்தியில் தனி வரிசை போட்ட மாதிரி இருக்கும். வைத்தியத்துக்குக் காசு வாங்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். பேசிக் சம்பளம் வருகிறது. ஓ.டி. இல்லை. ஊருக்கு வருவது ஓ.டி. காசுதானே? ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனின் வட்டிக்கு ஏது ஊரடங்கு!

இங்குள்ள பையன்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். பிப்ரவரியில் வந்த அறந்தாங்கிப் பையன் ஒருவன் தேக்கா கடைத்தெருவைக்கூட இன்னும் பார்க்கவில்லை. ஆன்லைனில் டிரிம்மர் வாங்கி, யூடியூப் பார்த்து, எங்கள் மாடி முழுக்க முடி வெட்டினான். முதல் தலை என்னுடையது, படம் அனுப்பமாட்டேன். இங்கே கப்பலில் என்னோடு தங்கியிருப்பவன் பங்களாதேஷ்காரன், இருபத்திரண்டு வயது, நோன்பு. ஏழு மணிக்கு முன்பே பேரீச்சம்பழத்தை இரண்டு பங்காக எடுத்து வைத்துவிட்டு, போனில் பாங்கு ஒலிக்கக் காத்திருப்பான். அதுவரை என் பங்கை நானும் தொடுவதில்லை. பசிக்கிறவன் முன்னால் எப்படித் தின்பது?

மெத்தை ரொம்ப மெத்து, முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. கீழே விரித்துப் படுக்கிறேன். நேற்று வீடியோவில் அம்மா வெள்ளைத் தலையணையைப் பார்த்துவிட்டு, “எந்த லாட்ஜுடா இது? காசைக் கரைக்காதே” என்றாள். கம்பெனி செலவு என்றேன். உன்னிடமும் கேட்பாள், அதையே சொல்.

டாஸ்மாக் நேற்று மறுபடி திறந்தாயிற்றாமே. வரிசையில் நின்றாலும் மாஸ்க்கைக் கழற்றாதே. வட்டிக்காரரிடம் ஆடிக்குள் தருகிறேன் என்று சொல்லிவை. கதவைத் தட்டுகிறார்கள், சாப்பாடு. இன்றைக்கு ரசம் வாசனை லேசாக வருகிறது.