தாம்பரம் டூ பரவை: 460 கிலோமீட்டர், ஒரு வால்டியூப், கொஞ்சம் முறுக்கு

சென்னையிலேர்ந்து ஊருக்குப் போக பாண்டியன் இருக்கு, வைகை இருக்கு, தடுக்கி விழுந்தா ஆம்னி பஸ் இருக்கு. 2024 பொங்கலுக்கு நான் சைக்கிள்ல போறேன்னு சொன்னதும் ஆபீஸ்ல வந்த முதல் கேள்வி, "ஏன், தத்கால் கிடைக்கலியா?" ரெண்டாவது, "எந்த விழிப்புணர்வுக்கு?" ஒரு விழிப்புணர்வும் இல்லைங்க. பொட்டி தட்டித் தட்டி முதுகு வளைஞ்சு போச்சு. எப்படியும் வளையத்தான் போகுது, ஹேண்டில்பார் மேல வளையட்டுமேன்னு கிளம்பிட்டேன் :-)

ரூட்: தாம்பரம், விழுப்புரம், பெரம்பலூர், மணப்பாறை, திண்டுக்கல், பரவை. நாலு நாள். திருச்சிக்கு அப்புறம் துவரங்குறிச்சி, மேலூர் வழியா வர்றதுதான் வழக்கம். ஆனா பரவை மதுரைக்கு முன்னாடி, திண்டுக்கல் ரோட்டுலயே இருக்கு. அதனால மணப்பாறை பக்கம் திரும்பினேன். முறுக்கும் ஒரு காரணம்னு சொன்னா நம்பவா போறீங்க!

முதல் நாள் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லை. லாரி, ஹாரன், லாரி.

ரெண்டாம் நாள் உளுந்தூர்பேட்டை தாண்டி பஞ்சர். ஒட்டுறதுக்கு எல்லாம் கையில இருந்தது, ஒட்டிட்டேன். காத்தடிக்கப் போனா பம்ப்புல வாஷர் கிழிஞ்சு போச்சு. தள்ளிக்கிட்டே ஒரு பெட்ரோல் பங்க் வரைக்கும் போனேன். அங்க கம்ப்ரஸர் இருக்கு, ஆனா அதோட வாய் என் டியூப்புக்குப் பொருந்தலை. இந்த மாதிரி சைக்கிள்ல பிரெஸ்டான்னு ஒரு ஒல்லி வால்வு இருக்கும். கார், பைக் வால்வு எல்லாம் குண்டு. பங்க்ல இருந்த பையன் ரெண்டு தடவை அமுக்கிப் பாத்துட்டு, "அண்ணே, சக்கரத்தைக் கழட்டுங்க"ன்னான். டிவிஎஸ்-ல என்னைப் பின்னாடி உக்கார வச்சு, மடியில சக்கரத்தோட, ஊருக்குள்ள ஒரு தாத்தா கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனான்.

கடைன்னா ஒரு தகரக் கூரை, ரெண்டு பழைய சைக்கிள், தண்ணித் தொட்டி, ஒரு காலால மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு கையால அடிக்கிற பம்ப். தாத்தா என் வால்வைக் கட்டைவிரலால தடவிப் பாத்தார். "வாய் நம்ம வால்டியூப் சைஸ்தான் தம்பி"ன்னு சொல்லிட்டு மேல இருந்த சின்ன திருகைத் தளர்த்தினார், கிளிப்பை மாட்டினார், அடிச்சார். ஏறிடுச்சு! அப்புறம் ராத்திரி லாட்ஜ்ல உக்காந்து படிச்சப்பதான் தெரிஞ்சது, நம்மூர் பழைய சைக்கிள்ல இருக்கிற வால்வுக்கும் பிரெஸ்டாவுக்கும் வாய் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே பம்ப் ரெண்டுக்கும் ஆகும்னு. அந்தத் தாத்தா எதையும் படிக்கலை, தடவித் தெரிஞ்சுக்கிட்டார்.

காசு நீட்டினேன். "காத்துக்குக் காசு வாங்கற அளவுக்கு இப்ப எவன் தம்பி சைக்கிள் கொண்டாறான்?"னு கையைத் தள்ளிட்டார்.

மூணாம் நாள் சாயங்காலம் மணப்பாறை. ஒரு அக்கா, அம்பத்தஞ்சு வயசு இருக்கும், இட்லிக்கடை. நான் சாப்பிடுறதை விட்டுட்டு சைக்கிளையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "இந்த சீட்டுல எப்படி தம்பி உக்கார்றே?" பேச்சுக் குடுத்தா, அவங்க பிறந்த ஊரு விராலிமலை பக்கம். புதுக்கோட்டை மாவட்டம். தெரிஞ்சவங்களுக்கு இப்பவே பொறி தட்டியிருக்கும்.

1991-ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் எழுத்தோட சேத்து பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் குடுத்தது. அப்ப கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் பத்தாம பார் வச்ச ஜென்ட்ஸ் சைக்கிள்லயே கத்துக்கிட்டாங்க. 1992 மகளிர் தினத்துல 1,500 பெண்களுக்கு மேல ஊர்வலமா சைக்கிள் ஓட்டினதை சாய்நாத் எழுதியிருக்கார். நான் அதைப் படிச்சிருக்கேன். அதுல ஓட்டினவங்க கையால இட்லி சாப்பிடுவேன்னு நினைக்கலை. "ஓட்டுறீங்களாக்கா?"ன்னேன். சேலையை இழுத்துச் செருகிட்டு, தெருமுனை வரைக்கும் போயி திரும்பி வந்தாங்க. கியரைத் தொடவே இல்லை. இட்லிக்குச் சரியா காசு வாங்கிக்கிட்டாங்க. கிளம்பறப்ப குடுத்த முறுக்குப் பொட்டலத்துக்கு வாங்கலை.

இது வரைக்கும் எல்லாம் இனிப்பு. நாலாம் நாள் வையம்பட்டி தாண்டி ஒரு டீக்கடை. அண்ணாச்சி நல்ல மனுசன், பாட்டில்ல தண்ணி நிரப்பினார், ரெண்டு வாழைப்பழம் பிச்சுக் குடுத்தார். "எந்த ஊரு?" பரவைன்னேன். "முனியம்மா ஊரா!"ன்னு சிரிச்சார். (எங்க ஊரு பேரைச் சொன்னா 'தூள்' பாத்த எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. அந்தப் பாட்டி 2020-ல போயிட்டாங்க.) அடுத்து, "பரவையில எந்தப் பக்கம்? யாரு வீடு?"

இது என்ன கேள்வின்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். "ரோட்டு மேலதாண்ணே"ன்னு மழுப்பிட்டு டீயை முழுங்கினேன். பழம் குடுத்த அதே ஆளு, அதே சிரிப்பு. பழத்தைக் குடுத்தப்புறம்தான் கேட்டார்ங்கறதையும் சொல்லணும். பதில் வேற மாதிரி இருந்திருந்தா பழத்தைப் புடுங்கியிருக்க மாட்டார். டீ கிளாஸ் எது வந்திருக்கும்னுதான் தெரியலை.

அப்புறம் திண்டுக்கல் வரைக்கும் இதேதான் மண்டையில ஓடுச்சு. ஒடிசாவுல தலித் குடும்பத்துல பிறந்த ஓவியர் பி.கே. மகாநந்தியா, 1977 ஜனவரியில டெல்லியிலேர்ந்து பழைய சைக்கிள்ல கிளம்பி, ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கின்னு வழியெல்லாம் முகம் வரைஞ்சு குடுத்துச் சாப்பிட்டு, ஸ்வீடன்ல இருந்த காதலியைப் போய்ச் சேந்தார். சின்ன வயசுல சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல அவரைத் தள்ளித்தான் உக்கார வச்சாங்க. 2020 மே மாசம் ஜோதி குமாரின்னு பதினஞ்சு வயசுப் பொண்ணு, அடிபட்ட அப்பாவைப் பின்னாடி உக்கார வச்சு குருகிராம்லேர்ந்து தர்பங்கா வரைக்கும் சுமார் 1,200 கிலோமீட்டர் மிதிச்சா. அதுவும் ஊருக்குப் போற சைக்கிள்தான். என் தலையில ஹெல்மெட், காலுக்கடியில விலை ஜாஸ்தி சைக்கிள், அதனால "சாகசம்". எனக்கு வந்த தண்ணி பாட்டில்ல எத்தனை அந்த ஹெல்மெட்டுக்கு வந்தது? கணக்குப் பண்ண முடியலை. சைக்கிள் கடைத் தாத்தா மட்டும் ஹெல்மெட்டைப் பாக்கவே இல்லை, வால்வைத்தான் பாத்தார்.

திண்டுக்கல் தாண்டினதும் எதிர்ல பாதயாத்திரைக் கூட்டம். தைப்பூசம் ஜனவரி 25, மதுரைப் பக்கத்துலேர்ந்து பழனிக்கு நடக்க ஆரம்பிச்சிருந்தாங்க. கொடைரோடு பக்கம் ஒரு அன்னதானப் பந்தல்ல கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சாங்க. சாம்பார் சாதம், ஊறுகாய். ஊரும் கேக்கலை, பேரும் கேக்கலை. வாடிப்பட்டி, சமயநல்லூர், அவ்வளவுதான், வீடு.

வாசல்ல அம்மா பானையில தண்ணி வச்சிருந்தாங்க, வருசா வருசம் நடந்து போறவங்களுக்காக வைக்கிறது. பச்சை வேட்டி கட்டின ஒரு சின்னப் பையன் குடிச்சிட்டு இருந்தான். என் சைக்கிளைப் பாத்து, "பழனிக்காண்ணே?"ன்னான்.

"இல்லடா, வீட்டுக்கு."

"அப்ப எதுக்கு இவ்ளோ பெரிய பை?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம ஓடிட்டான். அவனுக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல இருந்தது.