அடுப்படியில் ஒரு வெடி

நம் சினிமாவில் தனிமைக்கென்று ஒரு தோரணை உண்டு: ஜன்னல், மழை, கையில் காபி, பின்னணியில் புல்லாங்குழல். பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் அக்கர்மானின் முதல் குறும்படத்தைப் பார்த்ததிலிருந்து அந்தத் தோரணையைக் கண்டாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

'சோத் மா வீல்' என்பது படத்தின் பெயர். என் ஊரே, வெடித்துப் போ என்று பொருள் கொள்ளலாம். 1968இல் பிரஸ்ஸல்ஸில் எடுத்தார். கறுப்பு வெள்ளை, 13 நிமிடம். திரைப்படக் கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களிலேயே படிப்பை உதறிவிட்டு வந்தவருக்கு அப்போது வயது 18. நடித்தவரும் அவரே.

பூங்கொத்தோடு ஒரு பெண் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் ஓடி வருகிறாள். லிஃப்டுக்காக நிற்கப் பொறுமையில்லை, படியேறுகிறாள். பிறகு படம் முழுக்கச் சமையலறைதான். ஸ்பகெட்டி வேகவைத்துச் சாப்பிடுகிறாள். கதவிடுக்கை டேப் ஒட்டி அடைக்கிறாள். பாத்திரங்களைத் தரையில் இறைத்து, தண்ணீரைக் கொட்டித் துடைக்கிறாள். ஷூவுக்கு பாலிஷ் போடத் தொடங்கிய கை நிற்கத் தெரியாமல் காலுக்கும் சேர்த்துத் தேய்க்கிறது. எல்லாம் தினசரி வேலைகள்தாம். வேகமும் அளவும்தான் பிசகியிருக்கின்றன. வீட்டுவேலையை இப்படி ஒரு கேலிக்கூத்தாக ஆடிக்காட்ட அசாத்தியத் துணிச்சல் வேண்டும். (டேப் எதற்கென்று புரியும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.)

இத்தனைக்கும் வசனம் கிடையாது. ஒரு முணுமுணுப்புப் பாட்டு மட்டும் அவள் வாயசைவோடு ஒட்டாமல் தனியே ஓடுகிறது. நாள் முழுக்கப் பேச ஆளில்லாத வீட்டில் மனிதர்கள் தமக்குத்தாமே எழுப்பிக்கொள்ளும் சத்தம் அது. கடைசியில் கேஸைத் திறந்துவிட்டு, பூக்களோடு அடுப்பின்மேல் சாய்கிறாள். வெடிச் சத்தம்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1975இல், மறுபடி ஒரு சமையலறைக்கே திரும்பி 201 நிமிடத்தில் 'ஜான் டீல்மன்' எடுத்தார். அங்கே உருளைக்கிழங்கு உரிப்பதற்குக்கூட ஓர் ஒழுங்கு, நிதானம். 2022இல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படங்களுக்கு 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தது அந்தப் படம்தான். மறுக்க எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் அந்த நிதானத்தைவிட இந்தக் கூத்துதான் எனக்கு நெருக்கம்.

2015இல் அக்கர்மான் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த முடிவை இந்தப் படத்துக்குள் தேடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. வெடித்தபின் அந்த முணுமுணுப்பு மறுபடி கேட்கிறது. படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்களை அவரே வாய்விட்டு வாசிக்கிறார்.