கூரையைத் தூக்கினால் வீடு!

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், வடக்கு ஓரம். சோளக் காடுகளுக்கு நடுவே நேர்கோடாக ஓடும் சாலையில் ஒரு கறுப்புக் குதிரை வண்டி போகிறது. ஓட்டுபவர் ஆமிஷ் சமூகத்தவர். சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கத்திலேயே இல்லை. ஆனால், அமெரிக்கர்கள் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடுகளில் பெரும் பகுதி தயாராவது இங்குள்ள எல்கார்ட் வட்டாரத்தில்தான். அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் ஆமிஷ்காரர்களும் ஏராளம்!

அந்த வீடுகளில் சின்னது, 'பாப்-அப் கேம்பர்'. மடக்கினால் நெஞ்சளவு உயரப் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்; இரண்டு பக்கமும் படுக்கைகள் வெளியே நீளும்; சுற்றிலும் கான்வாஸ் துணியே சுவர்.

எல்கார்ட்டுக்குக் கிழக்கே மிடில்பரி என்ற சிற்றூர். கூரையைத் தூக்கும் அமைப்பு ஒன்றை உருவாக்கிய லாயிட் பான்ட்ரேகர், 1968-ல் தன் பண்ணையின் கோழிக் கொட்டகைகளிலும் களஞ்சியத்திலும் 'ஜேகோ' நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் விற்றவை 132 மடக்கு கேம்பர்கள். ஹோட்டல் செலவு கட்டுப்படியாகாத குடும்பங்களும் ஏரி, காடு என்று கிளம்ப இப்படிப்பட்ட வண்டிகள் வழிசெய்தன.

அந்தக் காலத்து வண்டிகள் பல, இன்று வீட்டுக் கொல்லைகளில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடக்கின்றன. தாத்தா இழுத்துப் போனதைப் பேரன் மீட்டெடுக்க நினைப்பதும், புது வண்டி வாங்க வசதியில்லாதவர்கள் குறைந்த விலையில் பழையதைத் தேடுவதும் அங்கே சகஜம்.

எதிரி வயதல்ல, தண்ணீர்!

அனுபவசாலிகள் முதலில் எடுப்பது பெயின்ட் டப்பாவை அல்ல, ஸ்க்ரூ டிரைவரை. தரையின் மூலைகளிலும் கூரை ஓரங்களிலும் குத்திப் பார்ப்பார்கள். நல்ல பலகை 'டக்'கென்று எதிர்க்கும். மக்கியது 'பொதுக்'கென்று உள்வாங்கும். மேலே அலுமினியத் தகடு பளபளத்தாலும், இணைப்பு வழியாகப் பல வருடங்கள் கசிந்த மழைநீர் உள்ளே மரத்தைத் தின்றிருக்கும். அடிச்சட்டமும் துருவேறி இற்றுப்போயிருந்தால், காயலான் கடைக்கு அனுப்புவதே புத்திசாலித்தனம்.

மரம் மட்டும் கெட்டிருந்தால் பிழைக்கவைக்கலாம். கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுக்க வேண்டும். மக்கிய பலகையையும் தூக்கி எறியக் கூடாது. புதிய பிளைவுட் வெட்ட அதுதான் அளவு!

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. கைப்பிடியைச் சுற்றும்போது இரும்புக் கம்பி வடம் இழுபட்டுத்தான் கூரை உயர்கிறது. நைந்த வடம் அறுந்தால், கூரை அப்படியே இறங்கிவிடும். அதனால், உறுதியான மரக்கட்டைகளை முட்டுக் கொடுக்காமல் யாரும் அடியில் கை வைப்பதில்லை. சக்கர பேரிங்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது கிரீஸ் வைக்க வேண்டும். டயரின் பட்டை தேயாமல் இருக்கலாம்; ஆனால், வருடக்கணக்கில் நின்ற ரப்பர் நெடுஞ்சாலையில் வெடிக்கும். சமையல் கேஸ் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள்.

கான்வாஸ் தைப்பது கடைசியில்தான். பருத்திக் கான்வாஸில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் மழையில், தைத்த ஊசித் துளைகள் வழியே நீர் ஒழுகும். நனைந்த நூல் உப்பித் துளைகளை அடைத்ததும் நின்றுவிடும். அதனால் புதுத் துணியை வீட்டிலேயே நனைத்து உலர்த்திவிடுவார்கள். ஈரத்தோடு மடித்தாலோ, பூஞ்சணம் பிடித்து அத்தனை உழைப்பும் பாழ்!

முதல் பயணம்

எல்கார்ட்டில் இந்த வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1913-ம் ஆண்டு டிரெய்லர்கூட அங்கே கண்ணாடி போல மின்னுகிறது. ஆனால், கொல்லையில் மீண்டு எழும் கேம்பருக்குக் காட்சிக்கூடம் தேவையில்லை, சாலைதான் தேவை.

முதல் பயணத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஏதாவது மக்கர் செய்தால் வீடு திரும்பிவிடலாமே! எல்கார்ட்காரர்களுக்கு, மேற்கே சுமார் ஒரு மணி நேரத்தில் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகள். 2019-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இண்டியானா ட்யூன்ஸ். அங்கே மரநிழலில் நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றுகிறார்கள். நான்கு மூலைகளும் ஒன்றாக எழுகின்றன. குழந்தைகள் மெத்தைக்குப் பாய்கிறார்கள்.

இரவில் மழை பிடித்துக்கொண்டால், பெரியவர்களுக்கு மட்டும் தூக்கம் வராது. கூரை மூலைகளை விரலால் தடவிப் பார்ப்பார்கள். விரல் காய்ந்திருந்தால் போதும்... மாதக்கணக்கில் பட்ட பாட்டுக்கு அதுதான் கூலி!