பெர்மாத்தாங் பாவ் எங்கே போய்விடும் என்றேன்

என் தங்கை மகன் வாழ்க்கையில் முதன்முதலாகப் போட வேண்டிய ஓட்டைப் போடவிடாமல் செய்தவன் நான். மிரட்டவில்லை, காசு கொடுக்கவில்லை. யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொன்னேன். அது போதுமானதாக இருந்தது.

2022 நவம்பர் 17, வியாழக்கிழமை இரவு. சனிக்கிழமை மலேசியாவின் 15ஆவது பொதுத் தேர்தல். பையனுக்கு ஜொகூர் பாருவில் வேலை. ஓட்டு இங்கே, பினாங்கில், செபராங் ஜெயா முகவரியில், அதாவது பெர்மாத்தாங் பாவ் நாடாளுமன்றத் தொகுதியில். போன் செய்தான். "மாமா, வரத்தான் வேணுமா? பஸ் டிக்கெட் எல்லாம் முடிஞ்சிருச்சு. கூட்டாளி காடியில வந்தா ஹைவே ஜாம்லயே பாதி நாள் போயிரும்."

"அலையாதடா. பெர்மாத்தாங் பாவ் எங்க போயிரும்? நம்ம பெரும்பான்மை பத்தாயிரத்துக்குக் கொறையாது" என்றேன். அவன் வரவில்லை.

சனிக்கிழமை இரவு பக்காத்தான் ஹராப்பான் வேட்பாளர் நூருல் இஸ்ஸா அன்வார் 5,272 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். பாஸ் கட்சியைச் சேர்ந்த, பெரிக்காத்தான் நேசனல் வேட்பாளர் முகமட் ஃபவாஸ் ஜெயித்தார். 1982இலிருந்து அன்வார் இப்ராஹிமும் அவர் மனைவி வான் அஸிசாவும் பிறகு மகள் நூருல் இஸ்ஸாவும் மாறி மாறி வைத்திருந்த தொகுதி அது. நாற்பது ஆண்டுகள்.

ஒருவன் ஓட்டால் 5,272 மாறியிருக்காது என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கைச் சொல்லித்தான் வெகுநாள் என்னை நானே மன்னித்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அவன் ஒருவனிடம் மட்டுமா சொன்னேன்? கோயில் கமிட்டிக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது சொன்னேன். அல்மாவில் நான் தினமும் டீ குடிக்கும் ஒட்டுக்கடையில் சொன்னேன். கல்யாண வீட்டுப் பந்தியில், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொன்னேன். எத்தனை பேர் அதைக் கேட்டுவிட்டு, 'அண்ணனே சொல்லிட்டாரு' என்று சனிக்கிழமை வீட்டிலேயே இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியவும் போவதில்லை.

இந்தப் பழக்கம் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். பிறையில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எண்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பிடிப்பு. ஒவ்வொரு தேர்தல் முடிவையும் தொகுதி வாரியாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பேன். 2008 மார்ச்சில், தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பினாங்கு மாநில ஆட்சி கைமாறும் என்று சொன்னேன். 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இந்தியர் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் போய்த் திரும்பியவர்களின் முகத்தைப் பார்த்திருந்தேன். ஜார்ஜ்டவுனில் ஹான் சியாங் திடலில் நடந்த எதிர்க்கட்சிப் பிரசாரச் செராமாவுக்குத் திரண்ட கூட்டத்தையும் பார்த்திருந்தேன். சொன்னபடியே நடந்தது. 40 சட்டமன்ற இடங்களில் ஆட்சியிலிருந்த தேசிய முன்னணிக்குக் கிடைத்தது 11தான். முதலமைச்சராக இருந்த கோ சூ கூன், பத்து காவானில் பேராசிரியர் இராமசாமியிடம் தோற்றார். அதற்குப் பிறகு என்னைப் பார்ப்பவர்கள் "அண்ணே, இந்தத் தடவை எப்படி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப் போனது. ஆபீசில் முப்பது வருஷம் யாரும் என் அபிப்பிராயத்தைக் கேட்டதில்லை.

2013இல் மத்திய ஆட்சி மாறும் என்றேன். மாறவில்லை. எதிர்க்கட்சிக் கூட்டணிக்கு 50.87 விழுக்காடு வாக்கு, 89 இடம். தேசிய முன்னணிக்கு 47.38 விழுக்காடு, 133 இடம். 'வாக்கில் நான் சொன்னதுதான் நடந்தது, தொகுதி எல்லைதான் கெடுத்தது' என்று எல்லாரிடமும் வாதாடினேன். தொகுதி எல்லையின் அநியாயம் உண்மையானதுதான். ஆனால் அந்த எல்லைகள் தேர்தலுக்கு முன்பே என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தன.

2013இல் பட்டதால் 2018இல் மறுபக்கம் சாய்ந்தேன். அன்றைய பிரதமர் நஜிப் தப்பித்துவிடுவார் என்றேன். மே 9 புதன்கிழமை இரவு தேசிய முன்னணி 79 இடங்களோடு நின்றது. சுதந்திரம் பெற்ற நாள் முதல் நடந்த ஆட்சி முடிந்தது. ஊரே கொண்டாட்டத்தில் இருந்ததால் என் கணிப்பு யாருக்கும் நினைவில் இல்லை. எனக்கு இருந்தது, ஆனாலும் வாய் திறக்கவில்லை. 'மெர்டேக்கா சென்டரே தேசிய முன்னணிக்கு 100, பக்காத்தானுக்கு 83 என்றுதானே முந்தின நாள் சொன்னது' என்று மனசுக்குள் சமாதானம் வைத்திருந்தேன். அந்தக் கருத்துக்கணிப்பு நிறுவனம் 37 தொகுதிகளை இப்போது சொல்ல முடியாது என்று தனியே ஒதுக்கி வைத்திருந்தது. என் நோட்டுப் புத்தகத்தில் சொல்ல முடியாத தொகுதி என்று ஒன்றுகூட இருந்ததில்லை.

ஒரு முறை சரி, இரண்டு முறை தவறு. ஆனால் ஒட்டுக்கடையில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது 2008 மட்டும்தான். பேச வைத்தவனும் நான்தான்.

2022இல் நான் போட்ட கணக்கு இது. 2018இல் நூருல் இஸ்ஸாவின் பெரும்பான்மை 15,668. பலமுனைப் போட்டியில் மலாய் ஓட்டு பிரியும். நம் ஓட்டும் சீனர் ஓட்டும் அசையாது. ஆக, பத்தாயிரம். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் 2018இல் நாடு முழுக்க வாக்காளர்கள் 14.9 மில்லியன், 2022இல் 21.17 மில்லியன். வாக்களிக்கும் வயது 18ஆகக் குறைந்து, பதிவும் தானாகவே நடக்கும் என்று ஆனபிறகு வந்த முதல் பொதுத் தேர்தல் அது. இந்தச் செய்தியை நான் படிக்காமல் இல்லை. புதிதாக வந்த ஆறு மில்லியன் பேரும் பழையவர்கள் மாதிரியே போடுவார்கள் என்று வைத்துக்கொண்டேன். ஏன் அப்படி வைத்துக்கொண்டேன் என்று யாராவது அன்றைக்குக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பெர்மாத்தாங் பாவ், மலாய்க்காரர்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி. பிரசாரம் நடந்த அந்த இரண்டு வாரத்தில் நான் யாரிடம் எல்லாம் நிலவரம் விசாரித்தேன்? எங்கள் ஆட்களிடம். புக்கிட் மெர்தாஜாம் பட்டணத்தில் எனக்குப் பழக்கமான சீன ஹார்ட்வேர் கடைக்காரரிடம். பெனாந்தியில் ஒரு மலாய் மாக்சிக்கிடம் பல வருஷமாக நாசி லெமாக் வாங்குகிறேன். அவர் பேரப்பிள்ளைகள் பெயர் எல்லாம் எனக்குத் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக் கூச்சம் என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம் எனக்குள் இருந்தது. என் கணக்கு கலைந்துவிடும் என்ற பயம். தேர்தல் முடிந்த பிறகுதான் கேட்டேன். தன் ஓட்டு அன்வார் குடும்பத்துக்குத்தான், பேரப்பிள்ளைகள் எல்லாரும் பெரிக்காத்தானுக்குப் போட்டார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். ஒரு பாக்கெட் வாங்கும் நேரம்கூட ஆகவில்லை அந்தப் பதிலுக்கு.

தேர்தல் நாளன்று பெர்மாத்தாங் பாவ் தொகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நூருல் இஸ்ஸா தரப்பில் வாக்கு எண்ணும் முகவராக உட்கார்ந்திருந்தேன். நம் நாட்டில் ஒரே வாக்களிப்பு மையத்தில் வயதுப்படி வாக்காளர்களைச் சாலுரான்களாக, அதாவது தனித்தனி வாக்களிப்பு அறைகளாகப் பிரிப்பார்கள். மூத்தவர்கள் முதல் சாலுரானில், இளையவர்கள் கடைசியில். எனக்குக் கிடைத்தது கடைசி சாலுரான். பெட்டியைத் திறந்ததும் அதிகாரி ஒவ்வொரு சீட்டாக எடுத்து, எந்தக் கட்டத்தில் X குறி போட்டிருக்கிறது என்று எல்லா முகவர்களுக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி, அந்தந்த வேட்பாளரின் அடுக்கில் வைத்தார். பெரிக்காத்தான், பெரிக்காத்தான், ஹராப்பான், பெரிக்காத்தான். கொஞ்ச நேரத்தில் அந்த ஒரு அடுக்கு மட்டும் சரியத் தொடங்கியது. அதை இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். எனக்கு எதிரே பெரிக்காத்தான் முகவராக ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அந்த அறையில் இருந்த ஓட்டு எப்படிப் போகும் என்று அவளுக்கு முன்பே தெரியும். அவள் வயதுக்காரர்களின் ஓட்டு அது. எண்ணிக்கை முடிவைப் பதியும் பாரம் 14இல் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, என் நோட்டுப் புத்தகத்தில் அவளைப் போன்ற ஒருத்திகூட இல்லை என்பதுதான் என் மனதில் ஓடியது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பக்கத்திலேயே, கூலிம் பக்கம் இருக்கும் பாடாங் செராய் தொகுதியில் பக்காத்தான் வேட்பாளர் எம். கருப்பையா தேர்தலுக்கு மூன்று நாள் முன் காலமானார். அங்கே வாக்களிப்பு டிசம்பர் 7க்குத் தள்ளிப்போனது. இடைப்பட்ட நாளில் அன்வார் பிரதமராகிவிட்டார், தேசிய முன்னணியும் அரசில் சேர்ந்துவிட்டது. அனுதாபமும் ஆட்சியும் ஒரே பக்கம் இருக்கிறது, பாடாங் செராய் நிச்சயம் என்றேன். 16,260 வாக்கு வித்தியாசத்தில் பெரிக்காத்தான் ஜெயித்தது.

2024 நவம்பரிலும் அதே கதைதான். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, அயோவா மாநிலத்தில் கமலா ஹாரிஸ் மூன்று புள்ளி முந்துகிறார் என்று ஆன் செல்சரின் கருத்துக்கணிப்பு வந்தது. பல தேர்தல்களில் சரியாகச் சொன்ன பெண்மணி. தமிழ்நாட்டில் மன்னார்குடிப் பக்கம், கமலாவின் தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை நடந்த செய்தியையும் படித்திருந்தேன். அயோவாவே சாய்கிறது என்றால் முடிந்தது என்று ஒட்டுக்கடையில் சொல்லிவிட்டேன். டிரம்ப் அந்த மாநிலத்தை 13 புள்ளி வித்தியாசத்தில் எடுத்தார். மொத்தத்தில் 312 தேர்வாளர் வாக்குகள். செல்சர் தன் கணிப்பு எங்கே பிசகியது என்று தன் கணக்குகளை எடுத்துப் பகிரங்கமாகவே ஆராய்ந்தார். நான் செய்தது, மறுநாள் அந்தக் கடைப் பக்கம் போகாமல் இருந்ததுதான். கமலா ஜெயிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசையைச் செய்தி மாதிரி சொன்னேன்.

இதை நினைக்கும்போது ஒரு சோதிடர் ஞாபகத்துக்கு வருகிறார். இலங்கையில் மகிந்த ராஜபக்ச பதவிக்காலம் இரண்டு ஆண்டு மீதம் இருக்கும்போதே 2015 ஜனவரி 8இல் அதிபர் தேர்தலை வைத்தார். வெற்றி உறுதி என்று அவருக்குச் சொன்னவர் சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன. மைத்திரிபால சிறிசேன 51.28 விழுக்காட்டில் ஜெயித்தார். அந்தச் சோதிடரை ஊரெல்லாம் கேலி செய்தபோது நானும் சேர்ந்து செய்தேன். அவர் கேட்டவருக்குப் பிடித்ததைச் சொன்னார். நானும் அதையேதான் செய்து வந்தேன். என் தட்டில் யாரும் காசு வைக்கவில்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு. எனக்குக் கூலி 'அண்ணே, எப்படி?' என்ற அந்தக் கேள்வி.

கடைசி நாட்களில் சொல்லும் கணிப்புக்கு ஒரு குணம் உண்டு என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு மாதம் முன்பு சொன்னால் அது அரட்டை. இரண்டு நாள் முன்பு சொன்னால், போகலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவனுக்கு அது உத்தரவு. ஜெயிப்போம் என்று சொன்னால் 'அப்ப நான் எதுக்கு?' என்று உட்கார்ந்துவிடுகிறான். தோற்போம் என்றாலும் அதையே சொல்லி உட்கார்ந்துவிடுகிறான். மலேசிய இந்தியர்கள் ஒரு நாடாளுமன்றத் தொகுதியில்கூடப் பெரும்பான்மையாக இல்லை. நம் கையில் இருப்பது, நெருக்கமான போட்டியில் தராசைச் சாய்க்கும் சில ஆயிரம் ஓட்டு மட்டும். அதிலும் கைவைத்தேன் நான்.

தங்கை மகன் என்னிடம் கோபப்படவில்லை. 2023 ஆகஸ்ட் 12இல் பினாங்கு சட்டமன்றத் தேர்தல் நடந்தது. பெர்மாத்தாங் பாவ் நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கும் செபராங் ஜெயா, பெர்மாத்தாங் பாசிர், பெனாந்தி மூன்றையும் பெரிக்காத்தான் எடுத்தது. அதற்கும் அவன் வரவில்லை. இந்த முறை என்னிடம் கேட்கக்கூட இல்லை. "ஒரு தடவ போகல மாமா, அப்புறம் தோணவே மாட்டேங்குது" என்றான் தீபாவளிக்கு வந்தபோது. கட்சி தோற்றதுகூட ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

அடுத்த பொதுத் தேர்தல் 2028 பிப்ரவரிக்குள் நடந்தாக வேண்டும். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்யும் செபராங் பிறைப் பிள்ளைகளுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யார் ஜெயிப்பார் என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் சொல்ல மாட்டேன். அடையாள அட்டை எண்ணை மட்டும் கொண்டு வாருங்கள். உங்கள் பெயர் எந்தப் பள்ளியில், எத்தனையாவது சாலுரானில் இருக்கிறது என்று தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் பார்த்துச் சொல்கிறேன். தேதி அறிவித்த அன்றைக்கே பஸ் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் எனக்குப் போன் செய்யுங்கள், பாதி வழி வந்து ஏற்றிக்கொள்கிறேன்.