கடிவாளத்தைப் பிடித்த கை



யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு இந்த வாரத் தியானத்திற்கு வாருங்கள்.

நம் சபை வாலிபர் ஒருவர் குதிரையேற்றம் பயின்று வருகிறார். சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின் அவர் என்னிடம் வந்தார். அவர் பயிலுமிடத்தில் சொந்தக் குதிரை வைத்திருக்கும் இரண்டு மூத்தவர்கள் உண்டு. குதிரையின் வாயில் இரும்பை மாட்டுவதே கொடுமை என்கிறார் ஒருவர். பழகிய கையில் இருக்கும் இரும்புதான் குதிரைக்கு மென்மையாகப் புரியும் மொழி, அது இல்லாமல் ஏறுவது ஆபத்து என்கிறார் மற்றவர். இருவரும் மூன்று மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. "ரெண்டு பேருமே குதிரைமேல உயிரா இருக்கிறவங்கதான் ஐயா. இதுல யார் சொல்றது சரி?" என்று கேட்டார். எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

படித்தபோது முதலாவது அறிந்துகொண்டது இது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அவ்விடத்தில், நாவின்மேல் படிந்து கிடக்கிறது. அங்குள்ள மெல்லிய ஈறுக்குக் கீழே உடனே எலும்பு. யாக்கோபு கடிவாளத்தையும் நாவையும் அருகருகே வைத்துப் பேசுகிறார். என் நாவை அடக்கும் கருவி கடிவாளம் என்று எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த இரும்பு கிடப்பது வேறொரு ஜீவனின் நாவின்மேல், வாரின் மறுமுனை இருப்பது என் கையில் என்பதை ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த மூத்தவர்களின் சண்டையும் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸ் நகரத்துக் குதிரையேற்றக்காரர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்திருந்தார்கள். பிரான்சுவா போஷே சர்க்கஸ் அரங்கில் புகழ்பெற்றவர். குதிரையின் எதிர்ப்பு முழுவதும் ஒழியவேண்டும் என்பது அவர் கொள்கை. நின்ற நிலையிலேயே அதன் தாடையையும் கழுத்தையும் வளைத்துப் பழக்குவார். வெர்சாய் அரண்மனைக் குதிரைப் பள்ளியின் மரபில் வளர்ந்த தோர் பிரபுவோ, குதிரையை அதன் இயல்பு கெடாமல் வெட்டவெளியில் துணிந்து முன்னே செல்லவிடவேண்டும் என்றார். 1842-ல் போஷே தம் முறையை நூலாக வெளியிட்டார். பிரெஞ்சு இராணுவம் அதைச் சோதித்துப் பார்த்து, பின்னர் கைவிட்டது. தோர் பிரபு சோமுர் குதிரைப்படைப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளரானார். இருவருக்கும் அடியார் கூட்டம் இருந்தது. ஒரு கூட்டத்தார் மற்றக் கூட்டத்தாரைத் தாக்கி எழுதினார்கள்.

அந்நாளில் அலெக்சி லோட் என்ற இளம் படையதிகாரி இருந்தார். அவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இருவரிடமும் போய்க் கற்றார். ஒருவரிடம் கற்றதை மற்றவருக்கு விரோதமாய் ஆயுதமாக்கவுமில்லை. பின்னாளில் அவரும் சோமுரில் தலைமைப் பயிற்சியாளரானார்.

1855-ல் சர்க்கஸ் அரங்கின் பெரிய சரவிளக்கு அறுந்து விழுந்ததில் போஷே பலத்த காயமடைந்தார். பழைய வலிமை பிறகு திரும்பவில்லை. அவருடைய முறையும் அதன்பின் மென்மையாயிற்று. 1873-ல் அவர் மரணப்படுக்கையில் இருந்தபோது லோட் காணச் சென்றார். போஷே அவருடைய கையைப் பிடித்து, கடிவாள வாரை ஏந்தும் நிலையில் அசையாமல் நிறுத்தி, எப்போதும் இப்படியே இருக்கவேண்டும் என்றார். பின்பு அதே கையை லோட்டின் மார்பை நோக்கி இழுத்து, ஒருக்காலும் இப்படிச் செய்யவேண்டாம் என்றார். லோட்டே இதைத் தம் நினைவுகளில் எழுதிவைத்திருக்கிறார்.

அசையாத கைக்கும் இழுக்கும் கைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கை அசையாமல் நின்றால், குதிரை இணங்கிய அந்தக் கணமே அழுத்தம் தானாக நீங்குகிறது. கை இழுத்துக்கொண்டே இருந்தால், குதிரை இணங்கிய பின்பும் வலி அதைப் பின்தொடர்கிறது. இணங்கியும் பயனில்லை என்று அது கற்றுக்கொள்கிறது.

இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு கிராமச் சபையில், ஞாயிறு ஆராதனையில் பழைய கீர்த்தனைகளா, வாலிபரின் புதிய பாடல்களா என்று பிணக்கு எழுந்தது. மூப்பர் ஒருவர் கீர்த்தனைகளுக்காக வாதாடினார். கமிட்டிக் கூட்டத்தில் என் பக்கமே ஜெயித்தது. அவரும், "சரிங்கய்யா, உங்க இஷ்டப்படியே ஆகட்டும்" என்று இணங்கிவிட்டார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கவேண்டும். அடுத்த ஞாயிறு பிரசங்கபீடத்திலிருந்து, பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி அவரைக் குத்திப் பேசினேன். பீடத்தில் நிற்கிறவனுக்குப் பெஞ்சில் இருப்பவர் எப்படிப் பதில் சொல்வார்? மறுவாரம் முதல் அவர் கடைசி பெஞ்சில் அமர்ந்தார். காணிக்கையை நிறுத்தவில்லை, என்னைக் கண்டால் தோத்திரம் சொல்லவும் தவறவில்லை. நான்கு ஆண்டுகள் அப்படியே வந்தார். அவருடைய அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். மன்னிப்புக் கேட்க நான்கு ஆண்டுகள் இருந்தன, நான் கேட்கவில்லை.

அன்பானவர்களே, கருத்து வேறுபாடு பாவமன்று. உண்மையைக் குறித்து அக்கறை உள்ளவர்களே வாதாடுகிறார்கள். சில வாதங்களுக்குத் தீர்ப்பும் வேண்டும். 2010-ல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, பலவந்தமாகக் குதிரையின் கழுத்தை மிகையாய் வளைத்துப் பயிற்றுவிப்பதை ஏற்கமுடியாது என்று அறிவித்தது. அப்படிச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் குதிரைக்காகத் தொடங்கிய வாதத்தில் குதிரை மறந்துபோவதுண்டு. சபைக்காகத் தொடங்கிய வாதத்தில் மூப்பர் ஒருவர் கடைசி பெஞ்சுக்குப் போவதுண்டு.

அந்த வாலிபருக்கு நான் சொல்லப்போகும் பதில் இதுதான்: "தம்பி, அந்த ரெண்டு பேர்கிட்டயும் கத்துக்கோ. அவங்க வாய் சொல்றதைக் கேளு. அவங்க கை செய்யறதையும் பாரு."

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஏற்கெனவே இணங்கிவிட்ட ஒருவரை இன்னமும் இழுத்துக்கொண்டிருக்கிறீர்களா? மனைவியாக, மகனாக, உடன் ஊழியராக இருக்கலாம். இந்த வாரத்திலேயே அவர் வீட்டுக்குப் போங்கள். எனக்கு அந்த வாசல் அடைபட்டுவிட்டது, உங்களுக்குத் திறந்திருக்கிறது.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் இணங்கிய கணமே எங்களை இளைப்பாறச் செய்கிறவர் நீர். நீர் எங்களை நடத்துகிற பிரகாரம் நாங்களும் பிறரை நடத்தக் கிருபை தாரும். ஆமென்.