கௌரவ ஜெனரல்: இரு படைகளின் நாட்குறிப்பு

1950

இந்தியத் தரைப்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரான கே. எம். கரியப்பாவுக்கு நேபாளம் கௌரவ ஜெனரல் பட்டம் வழங்குகிறது. படையை நடத்தும் அதிகாரம் எதுவுமின்றி, மரியாதையின் பொருட்டு மட்டும் அளிக்கப்படும் இப்பதவிநிலையை இந்தியாவும் நேபாளத் தளபதிகளுக்கு வழங்கத் தொடங்கியதால், அது இரு படைகளுக்கும் பொதுவான மரபாகிறது.

2020 மே 15

லிபுலேக் கணவாய்க்குச் செல்லும் சாலையை இந்தியா ஒரு வாரத்துக்கு முன்பு திறந்ததை நேபாளம் எதிர்ப்பது வேறொருவரின் தூண்டுதலால் இருக்கக்கூடும் என்று இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதி எம். எம். நரவணே பேசியது காத்மாண்டுவைப் புண்படுத்துகிறது. சில நாட்களிலேயே லிபுலேக், காலாபானி, லிம்பியாதுரா ஆகிய பகுதிகளைத் தன் எல்லைக்குள் காட்டும் புதிய வரைபடத்தை நேபாளம் வெளியிடுகிறது.

2020 நவம்பர் 5

அதே நரவணே, காத்மாண்டுவில் ஷீத்தல் நிவாஸ் எனப்படும் குடியரசுத் தலைவர் மாளிகையில், குடியரசுத் தலைவர் வித்யா தேவி பண்டாரியின் கையால் கௌரவ ஜெனரல் பட்டத்துக்குரிய வாளும் பட்டயமும் பெறுகிறார். வரைபடத்தில் ஒரு கோடும் மாறவில்லை. ஆயினும் மனம் நோகப் பேசியவரையே மரபு வழுவாமல் வரவேற்ற நேபாளத்தின் பெருந்தன்மை போற்றத்தக்கது. அவரைத் தொடர்ந்து அம்மாத இறுதியில் இந்திய வெளியுறவுச் செயலரும் காத்மாண்டு செல்வதைப் பார்க்கும்போது, படையினரின் உறவு அரசதந்திரத்துக்கு முன்னே நடந்திருப்பது தெளிவாகிறது.

2022 ஆகஸ்ட்

நான்காண்டுப் பணிக்குப் பின் நான்கில் ஒருவரை மட்டுமே நிலையாக வைத்துக்கொள்ளும் இந்தியப் படையின் அக்னிபத் திட்டத்தின்கீழ் நேபாளத்தின் கூர்க்கா இளைஞர்களைச் சேர்ப்பதை ஒத்திவைக்குமாறு நேபாளம் கேட்டுக்கொள்கிறது. கூர்க்கா படைப்பிரிவுகளுள் ஆறினை இந்தியாவுக்கும் நான்கினைப் பிரிட்டனுக்கும் பிரித்தளித்த 1947ஆம் ஆண்டின் முத்தரப்பு ஏற்பாட்டுக்கு இத்திட்டம் பொருந்தாது என்பது அந்நாட்டின் வாதம். போக்கராவிலும் தரானிலும் இந்தியப் படை ஓய்வூதியம் வழங்கும் அலுவலகங்களுக்கு வரும் முதியவர்களின் வீடுகளிலிருந்து அடுத்த தலைமுறை படைக்குச் செல்வது இதனால் நின்றுபோகிறது. தளபதிகள் மாற்றிக்கொள்ளும் பட்டத்துக்குப் பொருள் தந்தவை இக்குடும்பங்களே என்பதால், இவ்விழப்பு வரைபடச் சச்சரவைவிட ஆழமானது.

2024 டிசம்பர் 12

நவம்பர் 21 அன்று இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதி உபேந்திர திவேதிக்குக் காத்மாண்டுவில் அளிக்கப்பட்ட பட்டத்தைப் போலவே, நேபாளத் தலைமைத் தளபதி அசோக் ராஜ் சிக்தேலுக்கும் இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு புதுதில்லியில் பட்டம் வழங்குகிறார். இரண்டு நாள் கழித்து டேராடூனின் இந்திய ராணுவக் கழகத்தில், பயிற்சி முடித்து அதிகாரிகளாகும் இளைஞர்களின் அணிவகுப்பு மரியாதையைச் சிக்தேல் ஏற்கிறார். கூர்க்கா ஆள்சேர்ப்பு மட்டும் இன்னும் தொடங்கவில்லை. அதனைத் தீர்க்கும் அதிகாரம் தளபதிகளிடம் இல்லை, இரு அரசுகளிடமே உள்ளது.